யாருக்கு இத்தனை பூட்டு

கவிப்பிரியா பின்னல் போட்டு முடிக்கும்வரை பகலவன் லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தே வைத்திருந்தான்.

லேப்டாப் அவளுடையது. பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. பெண்டாட்டியின் லேப்டாப்பில் பெண்டாட்டிக்கே தெரியாமல் ஒரு பூட்டுப் போடுகிறோமே என்று அவனுக்கு உறுத்தாமல் இல்லை.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில், வந்திறங்கும் சரக்கைச் சோதிப்பது அவன் வேலை. பெட்டியைப் பார்த்ததுமே இதில் எங்கோ கோளாறு இருக்கிறது என்று நினைப்பதற்குத்தான் சம்பளம். எட்டு வருடமாக நினைத்து நினைத்து, யூனிஃபார்மைக் கழற்றிய பிறகும் அந்த நினைப்பு கழலாமல் போயிற்று.

மூன்று வருடம் ஓ.டி. பார்த்துச் சேர்த்ததெல்லாம் கிரிப்டோ நாணயமாகப் போனில் ஓர் ஆப்பில் கிடந்தது. அந்த மாதிரி ஆப் ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகக் கடையைக் கட்டிவிட்டது என்று போன மாதம் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குப் போன தூக்கம் திரும்பவில்லை. கம்ப்யூட்டரில் சொந்தமாக ஒரு வாலட், அதாவது கிரிப்டோவுக்கான பணப்பை, வைத்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுவது என்று தீர்மானித்தான்.

தேடித் தேடிக் கடைசியில் இரண்டு வாலட் மிஞ்சின.

ஒன்று சுலபம். போன் நம்பர் கொடுத்தால் போதும். பாஸ்வேர்டு மறந்தாலும் ஓ.டி.பி. வரும், திறந்துகொள்ளலாம்.

இன்னொன்றுக்குப் பெயரும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். ஒரே ஒரு தடவை பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளைக் காட்டும். எழுதி வைத்துக்கொள்வது நம் பாடு. அந்தத் தாள் யார் கையில் இருக்கிறதோ பணம் அவருடையது. தொலைந்துபோனால் போன் போட்டு அழக்கூட ஆள் கிடையாது.

சுலபமானதுதான் அவனுக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஓ.டி.பி. போனுக்கு வரும். போன் வீட்டில் கிடக்கும். வீட்டில் கவிப்பிரியா இருக்கிறாள்.

அவள் மேல் சந்தேகமா என்று கேட்டால் சத்தியமாக இல்லை என்பான். அவள் தம்பி லோகேஷ் வேன் வாங்கப் பணம் தேடிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

அந்தப் பேச்சு தொடங்கியதே போன வருடம். ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே போன் பூட்டின் நம்பரை மாற்றினான். அதுவரை அவர்களுடைய கல்யாணத் தேதிதான் அந்த நம்பர். வெளியே இருட்டு, தூறல். அவள் மூடியிருந்த ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அவன் போனைத் தொட்டதே இல்லை. ஏன் தொடுவதில்லை என்பதும் அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

கவிப்பிரியா ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, பாதி சாய்ந்த திரையில் இரண்டு வாலட்டையும் பார்த்துவிட்டாள்.

"ஈசியா கீறதையே போட்டுக்கோ மாமா. வூட்ல கீறது நாம ரெண்டு பேரு, யாருக்குப் பயந்துகினு இத்தினி பூட்டு?"

அக்கறையாகச் சொல்கிறாளா, ஆழம் பார்க்கிறாளா? பகலவனுக்குப் பிடிபடவில்லை. "பார்க்கலாம்" என்று சொல்லிச் சிரித்து வைத்தான்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பி ஷிப்ட். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அவன் கதவைத் தாழிட்டான். இரண்டாவது வாலட்டின் பெயரில் இரண்டு எழுத்துதான் அடித்திருப்பான், முழுப் பெயரும் தானாக வந்து நின்றது. ஊரே இதைத்தான் தேடுகிறது போல என்று தெம்பாக இருந்தது.

பன்னிரண்டு வார்த்தைகள் வந்தன. ஒரு தாளில் எழுதி, மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தான்.

எங்கே வைப்பது?

அரிசி டப்பாவில் தினமும் கைவிடுகிறவள் அவள். பீரோ சாவி அவளிடம். சாமி படத்தைத் துடைப்பதும் அவள். சர்டிபிகேட் ஃபைலை ஆதாருக்காக வாரம் ஒருமுறை குடைகிறாள். அவள் கைபடாத இடம் வீட்டில் ஒன்றுகூட இல்லை போலிருந்தது.

அப்போதுதான் லாஃப்டில் கல்யாண ஆல்பம் கண்ணில் பட்டது.

வந்த புதிதில் பத்து நாள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்கள். பிறகு அவனும் தொடவில்லை, அவளும் தொடவில்லை. பின்அட்டையில் டிவிடி வைத்த உறை ஒன்று உண்டு. அந்த டிவிடியைப் போட்டுப் பார்க்க வீட்டில் மிஷின்கூட இல்லை. இதைவிடப் பத்திரமான இடம் ஏது?

ஸ்டூல் போட்டு இறக்கி, தூசியைத் தட்டி, தாளை உறைக்குள் நுழைத்தான். பாதியில் தடுத்தது.

விரல் விட்டு இழுத்தான். நான்காக மடித்த ஒரு தாள் வந்தது.

ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் போட்டு, ஆங்கில வார்த்தைகள். கவிப்பிரியாவின் குண்டு குண்டான கையெழுத்து. அவனுடைய வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. இது அவளுடைய வாலட்.

இரண்டே எழுத்துக்கு அந்தப் பெயர் ஏன் ஓடி வந்தது என்று புரிந்தது.

கோபம்தான் முதலில் வந்தது. அடிப்பாவி! எனக்குச் சுலபமானதைச் சொல்லிவிட்டு, நீ மட்டும் இதை வைத்திருக்கிறாயே! எத்தனை நாளாக நடக்கிறது இது?

தாளைத் திருப்பினான்.

தினசரிக் காலண்டரில் கிழித்தது. போன வருடத்துத் தாள். தேதிக்குக் கீழே, ஆடிக் கிருத்திகை என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

கோபம் போன இடம் தெரியவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று தூறலுக்கு மூடியிருந்த அந்த ஜன்னல் கண்ணாடியில் என்ன தெரிந்திருக்கும் என்று அவன் இப்போதுதான் யோசித்தான்.