டெட்ராய்ட் டமார்

"அந்தப் பாட்டுல கேக்குற டமார் டிரம்ஸ் இல்ல நடீன், ஒரு மனுஷனோட மண்டை! என் கிடாராலயே பொளந்தேன். தாளம் இம்மிகூடப் பிசகல."

வெர்லின் இப்படி மார்தட்டியதும் டெட்ராய்ட் பதிவுக்கூடமே சிரித்தது. மேடையில் வாசித்த கிடாரைவிட உடைத்த கிடார் அதிகம் என்று பேரெடுத்த மனிதர்; இப்போது இசைத் தயாரிப்பாளர்.

வெர்லின் குழுவின் பழைய பதிவின் உரிமை யாரிடமோ மாட்டிக்கொண்டதால், அதே பாட்டை அதே டமாரோடு புதிதாகப் பதிந்து வாங்கிவர நடீனை அனுப்பியிருந்தது சினிமாக் கம்பெனி. இன்று மாலைக்குள் பாட்டு வராவிட்டால் வேறு ஆள். வெர்லினை அதன்பிறகு ஒரு நாயும் கூப்பிடாது.

"பச்சப் பொய்!" என்றார் டிரம்மர் கோர்டி. புழுக்கத்தில் எல்லோரும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டிருக்க, அவர் மட்டும் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். "அது என் அடி! அந்த ஒரு அடிக்குத்தான்டா எனக்கு விருதே குடுத்தாங்க."

"அப்ப அடிச்சுக் காட்டுடா, விருதுக்காரா!"

கோர்டி அடித்தார். டிரம்ஸின் தோல் கிழிந்தது. குச்சி முறிந்து கூரையில் குத்திட்டு நின்றது. வந்ததென்னவோ 'டொக்' மட்டும்தான்.

வெர்லின் கிடாரைத் தூக்கினார். முதல் கிடார் நாற்காலியைச் சுள்ளி சுள்ளியாக்கியது. இரண்டாவது, மண்டைக்குப் பதிலாக வைத்த தர்பூசணியைப் பிளந்ததில் நடீனின் வெள்ளைச் சட்டை கொலைக்களமானது. மூன்றாவது சுவரையே பெயர்க்க, பக்கத்து அறையில் பாடிக்கொண்டிருந்த சர்ச் கோஷ்டி, உலகம் முடிந்ததென்று மண்டியிட்டது.

"எதுவும் அது இல்ல!" நடீன் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். "யாரு மண்டைன்னாவது சொல்லுங்க. ஆளத் தூக்கிட்டு வரேன்!"

"அது மட்டும் முடியாது. வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாய் கூசாமப் புளுகறான் பாரு," என்றார் கோர்டி.

கம்பெனியிலிருந்து ஃபோன். "டமார் வரலைன்னு சொல்லிடவா?" என்றாள் நடீன்.

வெர்லின் உடைந்த கிடாரின் கழுத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாய் மூடி ஊரில் எவரும் பார்த்ததில்லை.

கோர்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றினார். வலது பக்க மண்டையில், ஒரு வாத்து முட்டையை உட்கார வைக்கலாம் போல ஒரு பள்ளம்.

மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு குனிந்தார்.

"நடந்ததுதான். இந்தத் தடவ இடது பக்கம் அடிடா."