தூங்குமூஞ்சிக் கரடி

லோயிஸ் செய்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

லோயிஸ் எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். நான் ஆபீஸ் கிளார்க், பேர் வெர்னா. வருஷா வருஷம் மார்ச் மாதம் பிள்ளைகளை வைத்து ஒரு பாட்டு நாடகம் போடுவாள். வேஷத்துணி தைக்கிற வேலை என் தலையில் விழும். பதினாலு வருஷமாக விழுந்துகொண்டே இருக்கிறது, நானும் முனகிக்கொண்டே தைக்கிறேன்.

இந்த வருஷம் குளத்தங்கரை மிருகங்களின் கதை. தவளை, வாத்து, நீர்நாய் என்று மொத்தம் முப்பத்தோரு பிள்ளைகள். யாருக்கு என்ன வேஷம் என்று முடிவு செய்ய எல்லாரையும் ஒவ்வொருவராகப் பாடச் சொன்னாள்.

கெல்சியின் முறை வந்தபோது ஆளைக் காணோம். ஒன்பது வயசுப் பெண், பிராண்டல் பால்பண்ணைக் குடும்பம். சர்ச்சில் அவள் பாடினால் தும்மல் வந்தவர்கள்கூட அடக்கிக்கொள்வார்கள். தேடிப் பார்த்தால் கடைசி வரிசை நாற்காலியில், குளிருக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். எழுப்பி மேடையேற்றினார்கள். இரண்டு வரி பாடினாள். மூன்றாவது வரியில் கொட்டாவி வந்துவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் காலை லோயிஸ் கதவில் பட்டியல் ஒட்டினாள். கடைசி வரியில், 'கெல்சி பிராண்டல் - தூங்கும் கரடி.'

அந்தக் கரடிக்கு வசனம் கிடையாது. பாட்டும் கிடையாது. திரை தூக்கியதிலிருந்து இறக்குகிறவரைக்கும் மேடை ஓரத்தில் சுருண்டு படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் 'தூங்குமூஞ்சிக் கரடி' என்று அவளுக்குப் பேரே வைத்துவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "இது நல்லாவா இருக்கு லோயிஸ்? ஏதோ குழந்தை அசந்து தூங்கிட்டா. அதைப் போய் ஊரே பார்க்க மேடையில வச்சுக் குத்திக் காட்டணுமா?"

"நீ துணியைத் தை, வெர்னா" என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் எங்கள் பள்ளியில் யாரும் இல்லை.

வியாழக்கிழமை கெல்சியின் அம்மா ஜோலீன் வந்தாள். தொழுவத்திலிருந்து நேராக, ரப்பர் பூட்ஸோடு. கண்ணைச் சுற்றிக் கருவளையம். பின்னாலேயே கெல்சியும் வந்து நின்றாள்.

"மாட்டுக்காரங்கன்னா அவ்வளவு இளக்காரமா டீச்சர் உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள் ஜோலீன். "இவ அப்பா ட்ராக்டர்லேருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கார். வேலையாள் சொல்லாம கொள்ளாம போயிட்டான். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து என்கூட அறுபது மாட்டுக்கு மெஷின் மாட்டிப் பால் கறந்துட்டுத்தான் இவ பள்ளிக்கூடம் வரா. கண்ணு சொருகாம என்ன பண்ணும்?"

எனக்குத் திக்கென்றது. இடுப்பு ஒடிந்தது ஊருக்கே தெரியும். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஒத்தாசைக்குப் போனபோது, எல்லாம் நாங்களே பார்த்துக்கறோம் என்று ஜோலீன் வாசலோடு அனுப்பிவிட்டாள். அதுவும் தெரியும். இந்தப் பிள்ளை நாலு மணிக்கு எழுகிற விஷயம் தெரியாது.

இவ்வளவு கேட்ட பிறகாவது லோயிஸ் ஒரு வாத்து வேஷமாவது கொடுப்பாள் என்று பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"கரடி வேஷம்தான். தினமும் மூணரையிலேருந்து அஞ்சரை வரைக்கும் ஒத்திகை. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது."

"தூங்கறதுக்கு என்ன ஒத்திகை? நாடகத்துல பாடுவாளேன்னுதான் அனுப்பினேன். சாயங்காலக் கறவைக்கும் எனக்கு ஒரு கை குறையுது. பாட்டு இல்லேன்னா இவ வீட்டுக்கே வரட்டும்."

"அசையாம படுக்கறதுதான் ரொம்பக் கஷ்டமான வேஷம். கரடி வரலேன்னா நாடகமே இல்ல."

இதென்ன பிடிவாதம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜோலீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கெல்சி அவள் கையைப் பிடித்து, "நான் கரடியாவே இருக்கேம்மா" என்றாள். சண்டை போடக்கூட ஜோலீனுக்குத் தெம்பு இல்லை. சரி, என்னமோ பண்ணுங்க என்று சொல்லிவிட்டுத் தனியாகவே கறவைக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஒத்திகை ஆரம்பித்தது. கெல்சி ஜிம்னாஸ்டிக் மெத்தையில் படுத்த ரெண்டாவது நிமிஷம் குறட்டை. அளவெடுக்க நாடாவோடு போன நான், எழுப்ப மனசு வராமல் படுத்த வாக்கிலேயே அளந்தேன். இவ்வளவு நல்ல குரலை இப்படி வீணடிக்கிறாளே என்று லோயிஸ்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

அளவைக் குறித்துக்கொண்டு நாடகப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஒரு தடவைக்கு ரெண்டு தடவையாகப் புரட்டிவிட்டு லோயிஸிடம் போனேன்.

"கரடி எந்தக் காட்சியில எழுந்திருக்கும்? எழுந்து ஆடணும்னா கால் பக்கம் தளர்த்தித் தைக்கணும். புத்தகம் முழுக்கத் தேடிட்டேன், கண்ணுலயே படல."

லோயிஸ் தவளைகளைக் கொஞ்சம் தள்ளிப் போய்க் குதிக்கச் சொல்லிக் கை காட்டினாள். பிறகு என் காதருகே குனிந்து சொன்னாள்.

"அந்தப் புத்தகத்துல கரடியே கிடையாது, வெர்னா. உள்பக்கம் நல்லா மெத்துன்னு இருக்கிற மாதிரி தை."