அச்சுக்கட்டையில் சிவப்பு

பழைய கோட்டைச் சுவரின் நிழல் துணி அச்சடிக்கும் தெருவைப் பாதி விழுங்கியிருக்கிறது. பட்டறைச் சன்னலோரம் அக்கா அச்சுக்கட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். தலைமுறை தலைமுறையாக இந்த வீட்டுக்குச் சோறு போடுவது அதில் செதுக்கிய பூதான். நீலத்தைத் தவிர வேறு சாயம் அதைத் தொட்டதே இல்லை. இன்றோ எதிர்க்கடை வாசலில் தொங்கும் துணியில் அதே பூ சிவப்பாக இருக்கிறது. அடையாளத்துக்காக முன்னோர் ஓர் இதழில் வேண்டுமென்றே விட்ட வெட்டுகூட அச்சு அசலாக விழுந்திருக்கிறது. “கட்டையை யாருக்குடா கொடுத்த?” தம்பி எரிந்து விழுகிறான். “நான் கொடுக்கல. கொடுத்தவன் கழுவாமலா வைப்பான்? சும்மா என்னையே முறைக்காதக்கா.” அவள் ஊசிமுனையால் இதழின் இடுக்கைக் கிளறுகிறாள். சிவப்புத் துகள் ஒன்று மேசையில் உதிர்கிறது.

தம்பி பத்து விரலையும் விரித்துக் காட்டுகிறான். நகக்கண்ணெல்லாம் நீலம். “சிவப்பு எங்க இருக்குன்னு நீயே தேடிக்கோ.” அவள் ஒவ்வொரு விரலாகப் புரட்டிப் பார்க்கிறாள். பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நிற்கவேயில்லை. அவள் கணவர் எலுமிச்சைத் தோலால் கைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், வெளியே போய் வந்ததிலிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கிறார். “சின்னப் பையன், விடும்மா,” என்கிறார், திரும்பாமலே. “பசிக்குது, சாப்பாட்டை எடு.” தம்பியின் விரல் அவள் பிடியிலிருந்து மெல்ல நழுவுகிறது. அவள் எழுந்துபோய், கொடியில் காயும் வெள்ளைத் துண்டை உருவி நீட்டுகிறாள். “இந்தாங்க, துடைச்சுக்கோங்க.” அவர் துண்டைப் பார்க்கிறார். வாங்கவில்லை. ஈரக் கைகளைக் காற்றில் உதறி உதறிக் காயவைக்கிறார்.