ஒருவழிச் சுற்று

மாமனாரின் தாடைக்குக் கீழே ஹெல்மெட் வாரை மாட்டி, விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை கையை எடுத்தான். பிறகு குனிந்து, அவருடைய ஷூ கயிறு சங்கிலியில் சிக்காதபடி உள்ளே செருகினான். பெற்ற பிள்ளைகூட இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யாது.

"முடியலைன்னா சொல்லுங்க மாமா. பாதியிலயே திரும்பிடலாம்."

"முடியும் மாப்பிள்ளை," என்றார் மருந்துக் கடைக்காரர். சைக்கிளை விட்டு அவருக்கு முப்பது வருஷம் ஆகிறது. இப்போது அவர் பிடித்துக்கொண்டு நின்றது மகளுடைய சைக்கிள். நசுங்கிப்போன முன் சக்கரத்தை மட்டும் மாற்றி வாங்கியிருந்தார்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய பூங்கா. அதற்குள் ஒரு குன்று, குன்றைச் சுற்றி சைக்கிளுக்கென்றே போட்ட மண்பாதை. சின்னச் சுற்றுதான். பழகியவர்கள் டீ ஆறுவதற்குள் சுற்றி வந்துவிடுவார்கள்.

அவருடைய ஒரே மகள் போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சுற்றை முடிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சைக்கிள், பிறந்தநாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்தது. மகள் போன நாளிலிருந்து மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "எமனைக் கடையில போயி காசு குடுத்து வாங்கிட்டு வந்தீங்களே."

அந்த வீட்டில் அவருக்காகப் பேசியது மாப்பிள்ளை ஒருவன்தான். "மாமா என்ன பண்ணுவார் அத்தை? ஆசையா வாங்கிக் குடுத்தார்." வாரம் தவறாமல் வந்து இருவரையும் பார்த்துவிட்டுப் போனான்.

அவள் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டபோது அவன் தயங்கினான். "சைக்கிளெல்லாம் எதுக்கு மாமா? மேல் வாசல்ல காரை நிறுத்திட்டு நடந்து போயிடலாம், பக்கம்தான். அன்னைக்குப் போலீஸ்காரங்களையும் அந்த வழியாத்தான் கூட்டிட்டுப் போனேன்."

"இல்ல மாப்பிள்ளை. அவ போன வழியிலயே போகணும். அவ சைக்கிள்லயே போகணும்." சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் அவனால் மறுக்க முடியவில்லை.

பாதை தொடங்கும் இடத்தில் காவலாளி ஒரு பலகையைக் காட்டினார். "அம்புக்குறி பார்த்தே போங்க சார். இது ஒருவழி. எதிர்ப்பக்கமா யாரையும் விடறதில்ல."

முதல் கொஞ்ச தூரம் சமதரை. அப்புறம் வேர்களும் கற்களும் வந்தன. ஒரு இடத்தில் தடுமாறிப் புதருக்குள் சாய்ந்தார். மாப்பிள்ளை தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கி நிறுத்தி, முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

"உங்க அத்தை பார்த்தா, தலையில சட்டியைக் கவுத்துக்கிட்டு இந்த வயசுல இது தேவையான்னு கேப்பா," என்றார். சிரிக்கத்தான் நினைத்தார். வரவில்லை.

மரங்களுக்குள் பாதை நுழைந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. மாப்பிள்ளை பக்கத்தில் வந்தான். "போதும் மாமா. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அத்தைக்கு நான் என்ன பதில் சொல்றது? திரும்பிடலாம்."

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கியரை மாற்றிப் பார்த்தார். எழுந்து நின்று மிதித்துப் பார்த்தார். கடைசியில் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். மகள் ஓட்டிக்கொண்டு போன பாதையில் நடந்து போகிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு வளைவில் புதிதாகக் கம்பித் தடுப்பு போட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் செங்குத்தான சரிவு. கீழே பாறைகள்.

"இங்கதான் மாமா," என்றான் மாப்பிள்ளை.

அவர் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். பாறைகள் வெயிலில் சுத்தமாக இருந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்க அப்போ எங்க இருந்தீங்க?"

"பின்னாடி மாமா. ரொம்பப் பின்னாடி." எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அவனுக்கு அது தடங்கலில்லாமல் வந்தது. "என்னா வேகம்ங்கிறீங்க. அப்படியே காத்தா பறந்தா. 'பிரேக்கைப் புடி, பிரேக்கைப் புடி'ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அவ காதுல விழல. வளைவுல திருப்ப முடியாம நேரா போயி..."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். சாவு வீட்டில் இதைக் கேட்டு அழாதவர்கள் இல்லை. போலீஸ்காரர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தாராம்.

அவனைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போல் அவருக்கு இருந்தது. அதற்காக, பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

சைக்கிள் தானாகப் பின்னால் உருள ஆரம்பித்தது.

சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். மரங்களுக்கு நடுவே, எங்கேயோ கீழே, காவலாளியின் தொப்பி பொட்டு மாதிரி தெரிந்தது. போக வேண்டிய வழியைப் பார்த்தார். பாதை வானத்தைப் பார்த்துப் போயிற்று.

மாப்பிள்ளை முகத்திலிருந்து கையை எடுக்கும்வரை காத்திருந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"மேட்டுல ஏறிட்டிருந்தவளையா மாப்பிள்ளை பிரேக்கைப் புடிக்கச் சொன்னீங்க?"