பிஸ்தாவின் வலது முன்னங்கால்

மறுபடியும் கால் தப்பாக வந்தது.

அவள் அழித்தாள்.

மூன்றாவது முறை அழித்தபோது தாள் மெலிந்து பஞ்சு எழும்பியது. ஊதுவதற்குள் கடற்கரைக் காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.

பத்தடி தள்ளி, மணலில், பிஸ்தா நின்றுகொண்டிருந்தது. பழுப்பு நிறச் சவாரிக் குதிரை. நெற்றியில் சிவப்புக் குஞ்சம். அதன் கயிற்றைப் பிடித்தபடி எத்திராஜ் அடுத்த சவாரிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

குதிரை நிற்கும் இரண்டு நிமிடம்தான் அவளுக்குக் கிடைக்கும். அதற்குள் ஏதாவது ஒரு குழந்தை கையை நீட்டிவிடும். குதிரை போய்விடும். தாளில் பாதி முதுகு காத்திருக்கும்.

ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறாள். மனித எலும்புகள் அவளுக்குத் தெரியும். குழப்பமே அதனால்தான்.

குதிரையின் பின்னங்கால் முட்டி ஏன் பின்பக்கமாக மடங்குகிறது?

ஒரு வாரம் அந்தக் கேள்வியோடு அலைந்தாள். பிறகு எங்கோ ஓர் எலும்புக்கூட்டின் படம் கிடைத்தது. அது முட்டியே இல்லை. குதிகால். முட்டி மேலே, வயிற்றை ஒட்டி இருந்தது. குளம்பு என்பது ஒற்றை விரலின் நகம்.

அவ்வளவு பெரிய உடம்பு நான்கு நகங்களின் மேல் நிற்கிறது.

அன்று எக்ஸ்ரே அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செருப்பைக் கழற்றினாள். நுனிவிரலில் நின்றாள். கெண்டைக்கால் நடுங்கியது. சிரிப்பு வந்தது.

அடுத்த ஞாயிறு பின்னங்கால்கள் அடங்கி வந்தன. மூக்கும் வந்தது. மூக்கின் ஈரத்தை வரைய முடியாது. சுற்றிலும் கறுப்பை ஏற்றிவிட்டு ஒரு சின்ன வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். ஈரம் தானாக வந்து உட்காரும். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நாலைந்து முறை நோட்டைத் திறந்து அந்த மூக்கைப் பார்த்தாள்.

இந்த முன்னங்கால்தான் வர மறுத்தது.

நேராக இழுக்க நினைத்தாலும் முன்னால் நீண்டுகொண்டு போனது. பென்சிலைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் குதிரையை அளந்தாள். தாளை அளந்தாள். அளவு சரிதான். படம்தான் சரியில்லை.

சவாரி முடிந்து வந்த எத்திராஜ் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது? என் குதிரைய நொண்டி ஆக்கிட்ட?"

"நிக்கிற மாதிரியேதான் போடுறேண்ணா. வர மாட்டேங்குது. போன வாரமும் இப்படித்தான் வந்துச்சு."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"போன வாரமுமா? காட்டு."

பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். இரண்டு வாரத்துக்கு முந்தைய படத்தில் கால் நேராக இருந்தது. போன வாரம் கொஞ்சம் முன்னால். இன்று ஒரு குளம்பு அகலத்துக்கு முன்னால்.

அவர் மூன்றையும் பார்த்தார். திரும்பிக் குதிரையைப் பார்த்தார்.

பிஸ்தா வலது காலை முன்னே நீட்டி, மணலில் பட்டும் படாமல் வைத்திருந்தது.

மகளைத் தோளில் வைத்திருந்த ஒருவர் கேட்டார். "ஒரு ரவுண்டு போலாமாப்பா?"

"இன்னிக்கு சவாரி கெடையாது சார்."

எத்திராஜ் மண்டியிட்டார். காலைத் தூக்கி மடியில் வைத்தார். குளம்பின் அடியில், நடுவே மெத்தென்றிருக்கும் இடத்தில், கட்டைவிரலால் அழுத்தினார்.

குதிரை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது.

"நெருப்பா கொதிக்குது." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "தெனம் கூடவே நடக்குறேன். எனுக்குத் தெரில பாரு."

கால் சரியாகத்தான் வந்திருக்கிறது. அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். உடனே வெட்கமாக இருந்தது. ரப்பரைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவர் குளம்பைச் செதுக்கித் திறந்தார். சீழ். அதற்குள் நகக்கண் அளவுக்கு ஒரு பாட்டில் சில்லு. இன்னும் பத்து நாள் போயிருந்தால் எலும்புக்குப் போயிருக்கும் என்றாராம். போனில் எத்திராஜ் அதை இரண்டு முறை சொன்னார்.

அதற்குப் பிறகு நான்காவது ஞாயிறு மதியம் மறுபடி போன் வந்தது.

"வந்து பாக்குறியாமா? சீக்கிரம் வா."

மீனவர் குடியிருப்பின் பின்னால் தகரக் கொட்டகை. வாசலில் நின்றிருந்த எத்திராஜ் உதட்டில் விரலை வைத்தார்.

உள்ளே, வைக்கோலில், பிஸ்தா படுத்திருந்தது.

"ஆறு வருசம்மா." குரல் காற்றாக வந்தது. "ஆளு இருக்கசொல்ல அது படுத்து நான் பாத்ததேயில்ல. கால் ஆறிடுச்சு. இன்னிக்கு நான் நிக்கசொல்லவே பயமில்லாம படுத்துத் தூங்குது."

அவளும் பார்த்ததில்லை.

அவள் கற்றுக்கொண்ட கால்கள் ஒன்றுகூட இருந்த இடத்தில் இல்லை. குதிகால் எங்கே போயிற்று? முட்டி எது? கழுத்து இவ்வளவு நீளமா? தாடை வைக்கோலில் பதிந்திருந்தது. கீழுதடு குழந்தையின் உதடு மாதிரி சரிந்து கிடந்தது. விலா ஏறி, நின்று, இறங்கியது.

ஓசையில்லாமல் தரையில் உட்கார்ந்தாள். புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

பென்சில் முனை மழுங்கியிருந்தது.

பையிலிருந்து ஷார்ப்னரை எடுத்தாள். பென்சிலை அதில் நுழைத்து ஒரு திருகு திருகினாள். கரகரத்தது.

குதிரையின் காது லேசாகத் திரும்பியது.

ஷார்ப்னரைப் பைக்குள் போட்டுவிட்டு, மழுங்கிய முனையாலேயே முதுகிலிருந்து தொடங்கினாள்.