கதையை ஒரே வரியில்

எருமப்பட்டி வீட்டுச் சமையலறையில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சத்யபிரியா ஒரு வரியை எழுதுகிறாள், அழிக்கிறாள். நாவலை முடித்தாயிற்று. அதைப் பதிப்பகங்களிடம் கொண்டுசேர்க்கும் ஏஜென்டுக்கு எழுதும் கடிதம்தான் நகரவில்லை. கதையை ஒரே வரியில் சொல்ல வேண்டுமாம். போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போய்ப் பல மாதம் கழித்து நேற்று வந்த கணவன் கதிர்வேல், எதிரில் பூண்டு உரிக்கிறான். “கதை எதப் பத்தி?” என்கிறான். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “ரிக்கு வண்டிக்குப் போன புருசன் ஊட்டுக்கு வந்தா, அவங்கிட்ட என்ன பேசறதுன்னு பொண்டாட்டிக்குத் தெரியல. அவ்வளவுதானுங்க.” மின்விசிறிக் காற்றில் பூண்டுத்தோல் மேசையெங்கும் பறக்கிறது. அவன் கை நிற்கிறது. பிறகு அடுத்த பல்லை எடுக்கிறது. “அதையே எழுதிரு. அவனுக்கும் தெரியலைன்னு சேத்திக்க.”