ஆறுக்கு அஞ்சு

"இதுலயும் இடது பக்கம் அவுட்!" காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கிக் கண்ணாடி மேசைமேல் போட்டார் விமர்சகர்.

கடைக்கார அக்கா அதை மெல்ல அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். குறைந்த விலைக்கு நல்ல சாமானாகத் தேடிப் பிடித்து, கைமுதல் முழுவதையும் போட்டு இருநூறு பெட்டி இறக்கியிருந்தாள். இந்த மகானுபாவர் இணையத்தில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டால் அத்தனையும் தூசி படிந்து கிடக்க வேண்டியதுதான். அவர் சொல்லாமல் இந்த ஊரில் பாதிப் பேர் காதில் பஞ்சுகூட வைப்பதில்லை.

"சார், உங்களுக்கு எப்படிக் கேட்டா பிடிக்கும்? பேஸ் தூக்கலாவா, இல்ல பாடுறவங்க குரல் தெளிவாவா?"

"என் ரசனை என்னன்னு கண்டுபிடிக்கவே எனக்கு மூணு மாசம் ஆச்சும்மா. எட்டு இயர்போன் மாத்திட்டேன். எட்டுலயும் இடது பக்கம் மந்தம். இந்த விலைக்கு ஒருத்தனும் யோக்கியமா செய்யறதில்ல."

"எட்டுமேவா சார்?"

"முதல் இயர்போனுக்குக் காசு வாங்கினானே ஒருத்தன், அவன் எமகாதகன்! பெட்டி நசுங்கல், ஒயர் குட்டை. காதுக்குள்ள போற ரப்பர் மூணு ஜோடின்னு அட்டையில போட்டிருக்கான், எண்ணினா அஞ்சுதான். ஒண்ணை அமுக்கிட்டான்! விடுவேனா? ஒரு ஸ்டார் போட்டு நாறடிச்சேன்ல!"

சொல்லிக்கொண்டே போனை எடுத்து, ஒரு ஸ்டாரை அழுத்த விரலைக் கொண்டுபோனார். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், சார்! இடதை வலது காதுலயும், வலதை இடது காதுலயும் மாத்திப் போட்டு ஒரே ஒரு தடவை கேளுங்க."

"எனக்கே பாடமா?" என்று முறைத்தாலும் மாட்டிக்கொண்டார். மறுகணம் முகம் சிவந்துவிட்டது.

"பாத்தீங்களா! நல்லா இருந்தது இப்ப மந்தம். மந்தமா இருந்தது கணீர்னு பாடுது. ஒரு நிமிஷத்துல கோளாறு பக்கம் மாறுதுன்னா எவ்வளவு மட்டமான சாமானா இருக்கணும்!"

அக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு போன் ரிப்பேருக்கு வைத்திருந்த விளக்கை அவர் பக்கம் திருப்பினாள்.

"கொஞ்சம் தலையைச் சாய்ங்க சார்."

"ஏம்மா, இது எப்பேர்ப்பட்ட காது தெரியுமா? நாப்பதாயிரம் பேரு நம்புற காது!"

"தெரியும் சார். ஆடாம இருங்க."

மெல்லிய இடுக்கியை இடது காதுக்குள் விட்டு, பதமாகப் பிடித்து இழுத்தாள். குட்டியாக, கறுப்பாக, அந்த ஆறாவது ரப்பர் வெளியே வந்தது.